பதினோரு பேனலில் பெயர் எழுதியவள்

என் பெரிய தம்பியின் மனைவியை அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ரசீதம்மா என்று கேட்டால் போதும், முன்பின் தெரியாதவர்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். இருபத்தாறு வருடமாக ஒரு இலவச டயாலிசிஸ் நிலையத்துக்காகப் படியேறி நன்கொடை வாங்கி வருகிறவள். சிறுநீரகம் கெட்டவர்களைப் படுக்கவைத்து, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து அனுப்பும் இடம் அது. ஒரு ஆளுக்கு வாரம் மூன்று தடவை. காசு வாங்குவதில்லை. மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் தன் கடை மாடியில் இரண்டு கட்டிலோடு ஆரம்பித்தது, இன்றைக்குச் சொந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு கட்டில். அவர்தான் இன்றும் தலைவர்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்பது கட்டில் ரசீதம்மா கொண்டுவந்தது. அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதல் தடவை போகும்போது காசு கேட்கவே மாட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வருவாள். இரண்டாம் தடவை நிலையத்தில் படுத்திருக்கும் யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்வாள். மூன்றாம் தடவை போகும்போது ரசீது எழுதியே கொண்டுபோவாள். தொகை மட்டும் காலியாக இருக்கும். ரசீதில் இருப்பது கொடுப்பவர் பெயர்கூட அல்ல. அந்த வீட்டில் போய்விட்ட அம்மா, அப்பா, மனைவி, அவர்கள் பெயர். அந்தப் பெயரைப் பார்த்த பிறகு யாருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

கொடுத்த பொருளில் எல்லாம் அந்தப் பெயரை எழுதவைத்துவிடுவாள். கட்டிலில் பெயர், மின்விசிறியில் பெயர், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் பெயர். சுவர்க்கடிகாரத்தில் பெயர் இறங்கிவந்து ஆறாம் நம்பரை மறைத்துவிட்டது. அங்கே ஆறு மணி என்றால் குத்துமதிப்புதான். எடை பார்க்கும் மெஷின் ஒரு கறிக்கடைக்காரர் தன் அப்பா நினைவாகக் கொடுத்தது. அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும், "எலும்பு இல்லாம எவ்வளவுன்னு பாரும்மா" என்று நர்ஸிடம் சொல்லாமல் இறங்கமாட்டார்கள்.

இவ்வளவு நல்ல காரியம் செய்கிறவளிடம் ஒரு குணம் உண்டு. பொறாமை. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருத்தியின் கதையாகப் போய்விடும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டதா, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததா என்று எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் அம்மாவின் தங்கை ஒருத்தி, தன் அக்காவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது என்பதற்காக ஒரு வருடம் அந்த வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தவள்.

ஆனால் ரசீதம்மாவின் பொறாமை ஊர்ப் பொறாமை அல்ல. ஒரே ஒரு ஆளின் மீதுதான். அவள் ஓரகத்தி, அதாவது என் சின்னத் தம்பியின் மனைவி. சின்னவள் பதினோரு வருடம் கழித்து வந்தவள். பட்டப்படிப்பு முடித்து ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வந்த இரண்டாம் வாரமே எங்கள் வீட்டு கரண்ட் பில்லில் தப்புக் கண்டுபிடித்து, ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டு, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். என் அப்பா அன்றைக்கு, "மருமகள்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லித் தொலைத்தார். அவர் போய் எட்டு வருடமாகிறது. அந்த ஒரு வார்த்தையைப் பெரியவள் இன்றுவரை கீழே வைக்கவில்லை.

கீழ்வீட்டில் பெரியவள் குடும்பம், மேல்வீட்டில் சின்னவள் குடும்பம், பின்னறையில் நான். இரண்டு பேருக்கும் நான் நாத்தனார். இரண்டு பேரும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். அதனால் நடந்ததில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை.

நிலையத்துக்குப் பெரிய செலவு கரண்ட்தான். காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட் ஓடுகிறது. மூன்றாவது ஷிப்ட் ஓட்டினால் இன்னும் இருபத்து நாலு பேருக்கு இடம் கொடுக்கலாம். அந்த இருபத்து நாலு பேரும் ஒரு நோட்டில் பெயர் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். பில்லுக்குப் பயந்து தலைவர் ஷிப்டைத் திறக்கவில்லை. மாடியில் அறுபது சோலார் பேனல் போட்டால் பில் இறங்கும், ஷிப்டைத் திறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். உடனே ரசீதம்மா கிளம்பிவிட்டாள். ஒரு பேனல், ஒரு பேர். மூன்று வருடம் அலைந்தாள். கட்டிலுக்குக் கொடுத்த கை பேனலுக்கு நீளவில்லை. கட்டிலில் பெயர் எழுதினால் நாலு பேர் பார்ப்பார்கள், மொட்டைமாடியில் எழுதினால் காக்காய்தானே பார்க்கும்? மூன்று வருடத்தில் பதினோரு பேனலுக்குச் சேர்த்தாள்.

அந்த வருடம் நிலையத்தின் கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் ஆபீஸிலிருந்து அனுப்பப்பட்டவள் யார் என்று நினைக்கிறீர்கள்? சின்னவளேதான்.

கமிட்டி உட்கார்ந்திருந்த மேஜையில் சின்னவள் கணக்கு நோட்டை விரித்து, "ஏன் சார், பேனல் நிதின்னு ஒண்ணு தனியாத் தூங்குதே?" என்றாள்.

"அது உங்க அக்கா சேர்த்தது. அறுபது சேர்ந்ததும் வாங்கணும்" என்றார் தலைவர். ரசீதம்மா பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த வேகத்துல மிச்சம் சேர இன்னும் பதிமூணு வருஷம் ஆகும் சார்." வேண்டுமென்று சொன்னதில்லை. அவளுக்குக் கணக்கு வாயில் வந்துவிடும். "வேற வழி இருக்கு. சோலார் போடறவங்களுக்கு அரசாங்கம் வரியில கழிச்சுக் கொடுக்குது, தெரியுமில்ல?"

"நமக்கு வரியே கிடையாதேம்மா. தர்ம ஸ்தாபனம்."

"அதான் சிக்கலே. கட்டாத வரியில எதைக் கழிக்கிறது? மொட்டைத் தலைக்குச் சீப்பு பரிசு கொடுத்த மாதிரி."

தலைவர் தன் தலையைத் தடவிக்கொண்டார். கமிட்டி முழுக்கச் சிரித்தது. ரசீதம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அதனால வரி நிறையக் கட்டற கம்பெனி யாராவது நம்ம மாடியில அவங்க பேனலைப் போடட்டும்" என்று சின்னவள் விளக்கினாள். "பேனல் அவங்களோடது. வரிச்சலுகை அவங்களுக்கு. வர்ற கரண்டை நமக்கு விப்பாங்க. இப்போ நாம கட்டறதுல மூணுல ரெண்டு பங்கு விலைதான். ஏழு வருஷம் கழிச்சு ஒரு சின்னத் தொகைக்கு எல்லாத்தையும் நமக்கே எழுதிக் கொடுத்துடுவாங்க. எங்க ஆபீஸுக்கு ஒரு குளிர்பதனக் கிடங்குக் கம்பெனி வருது. அவங்க இந்த மாதிரி இடம்தான் தேடறாங்க."

"முதல்ல நம்ம கையிலேர்ந்து எவ்வளவு போடணும்?"

"பேனலுக்கு ஒரு காசு வேண்டாம். மாடி ஒழுகுதே, அதை மட்டும் நாம பூசித் தரணும். அக்கா சேர்த்த பதினோரு பேனல் காசு அதுக்குச் சரியா இருக்கும்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த மூளையை இத்தனை வருஷம் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். கேட்டது ரசீதம்மாவைப் பார்த்து. வீட்டிலேயே இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு சொல்லவில்லையே என்று உரிமையோடு கேட்டார், பாவம். அவர் அப்படிக் கேட்காமல் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள்.

"நீங்க மட்டும் அந்தப் பதினோரு பேர்கிட்டயும் சொல்லிடுங்கக்கா" என்றாள் சின்னவள். "பேனல் கம்பெனியோடது, உங்க காசு மாடி பூசப் போகுதுன்னு. சம்மதம் கேட்டுக்கறது நல்லது."

"சொல்லிடறேன்" என்றாள் ரசீதம்மா.

வீட்டுக்கு வந்து என் பின்னறையில் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "மூணு வருஷம் நான் தேய்ஞ்சேன் அண்ணி. செருப்பு மூணு ஜோடி. இவ மூணு பக்கம் பேப்பரை நீட்டினா, முடிஞ்சுது. இனிமே நான் எதுக்கு?"

"அந்த நோட்டுல இருக்கிற இருபத்து நாலு பேருக்கு இடம் கிடைக்குதே, அது நல்லதுதானேடி?"

"நல்லதுதான். நான் இல்லைன்னா சொன்னேன்? என் கையால கிடைச்சிருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

அடுத்த இரண்டு மாதமும் அவள் கண் மாடிப்படியிலேயே இருந்தது. சின்னவளை அழைத்துப்போகத் தலைவர் தன் காரை அனுப்பினார். இருபத்தாறு வருடத்தில் ரசீதம்மாவுக்கு அந்தக் கார் மூன்று தடவை வந்திருக்கிறது. ஒன்று அவள் வழுக்கி விழுந்தபோது. கார் வந்து நின்றால் இவள் ஜன்னல் பக்கம் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவாள். "இன்னைக்கும் பச்சைப் புடவை. கம்பெனிக்காரங்க வர்றாங்கபோல" என்பாள். "காசு கேட்கப் போறவளுக்கு இஸ்திரி போட்ட புடவை ஆகாது. இவளுக்கு என்ன, கேட்கவா போறா, கொடுக்கவச்சுடுவா." புகழ்ச்சியா வசவா என்று எனக்கே புரியாது.

அந்தப் பதினோரு பேரில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. "சொல்லிட்டீங்களாக்கா?" என்று சின்னவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். பொய். பச்சைப் பொய்.

மாடி பூசினார்கள். கம்பெனி ஆட்கள் வந்து அறுபது பேனலையும் இறக்கி, சாய்வாக ஐந்து வரிசை மாட்டினார்கள். மீட்டர் வைத்து, சோதித்துப் பார்த்து, கரண்டை இணைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நோட்டில் இருந்த இருபத்து நாலு பேருக்கும் ஒன்றாம் தேதி வரச்சொல்லித் தலைவர் போன் போட்டுவிட்டார்.

ஒரு மதியம், சின்னவள் ஆபீஸில் இருக்கும் நேரம் பார்த்து, ரசீதம்மா போர்டு எழுதுகிறவரை அழைத்துக்கொண்டு நிலையத்து மாடிக்கு ஏறினாள். மின்விசிறி, கட்டில், கடிகாரம் எல்லாவற்றிலும் எழுதியவர் அவர்தான். முதல் வரிசையில் பதினோரு பேனலை எண்ணிக் காட்டினாள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் கீழ்ப்பக்கம், வெள்ளைப் பெயிண்டில், கொட்டை எழுத்தில்: அன்பளிப்பு, இன்னார் நினைவாக. வெயிலில் பெயிண்ட் சட்டென்று காய்ந்தது. ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து அந்தந்த வீட்டுக்கு அனுப்பினாள். இறங்கிவந்து என்னிடம், "அறுபதுல பதினொண்ணு என்னோடது அண்ணி. அதை யாராலும் மாத்த முடியாது" என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

இணைப்புக் கொடுக்கப் பத்து நாள் இருக்கையில் கம்பெனியின் இன்ஜினியர் சோதிக்க வந்தார். நாலு வரிசை நன்றாக ஓடுகிறது, முதல் வரிசை மட்டும் சோம்பிக் கிடக்கிறது. என்னடா என்று மாடி ஏறியவர் அங்கிருந்தே தலைவரைக் கூப்பிட்டார்.

"சார், யார் சார் இதெல்லாம்? ஒரு மூலையில நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கப் படுத்துக்கும். இங்க ஒரு கல்யாணப் பத்திரிகையே எழுதிவச்சிருக்கு!"

பெயிண்ட் கதை அதோடு போயிருக்கும், துடைத்தால் தீர்ந்தது. அவர் எடுத்த படம் கம்பெனி வக்கீலிடம் போனது. அங்கேதான் விவகாரமாயிற்று. மறுநாள் கடிதம் வந்தது. சின்னவள் அதை எனக்குப் புரியும்படி சொன்னாள்: பேனல் கம்பெனியோடது என்றால்தான் கம்பெனிக்கு வரிச்சலுகை. அதிலேயே "அன்பளிப்பு" என்று ஊரறிய எழுதியிருந்தால், அது நிலையத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த பொருள் என்று ஆகிறது. வரி அதிகாரி வந்து பார்த்தால் சலுகை போச்சு, அபராதமும் உண்டு. அதனால் ஏழு நாளைக்குள் எழுத்தை அழிக்க வேண்டும். பெயருக்குரிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும், எங்களுக்கு எந்தப் பேனலிலும் உரிமை இல்லை, எங்கள் காசு மாடி பூசச் செலவானதில் சம்மதம் என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பதினொன்றும் வராவிட்டால் அறுபதையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் சின்னவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கீழ்வீட்டுக்குள் வந்தாள்.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்ட."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. சண்டை அப்புறம். அட்ரஸ் கொடுங்க, நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

ரசீதம்மா ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அடிக்கட்டையில் எல்லாம் போய்விட்டவர்களின் பெயர். பக்கத்தில் பென்சிலில் அவளுக்கு மட்டும் புரியும் குறிப்பு: முட்டைக்கடை மாடி, கோபக்காரர். ரெட்டை நாய் வீடு. இருமல் வாத்தியார். பழைய கோல்கீப்பர்.

"இது செத்தவங்க லிஸ்ட்டுக்கா! நான் யாரைப் போய்ப் பார்க்கிறது?"

"எனக்குத் தெரியும்."

"படம் அனுப்பினீங்களே, போன்ல நம்பர் இருக்குமே?"

"போன்ல சார்ஜ் இல்லை" என்றாள் ரசீதம்மா. ஐந்தடி தள்ளி சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னவள் புத்தகத்தைப் படம் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

நான் ரசீதம்மாவைப் பிடித்து உலுக்காத குறை. "அடியே, அந்த இருபத்து நாலு பேர் என்ன ஆவாங்க?"

"நான்தான் அவங்களுக்குப் போன் போட்டு வராதீங்கன்னு சொல்லப்போறேனா? வரச்சொன்னவங்க சொல்லட்டும்." சொன்னாளே தவிர, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்தாள். மறுநாளும். முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பயம். ஒரு பக்கம், சொல்லவே கூசுகிறது, ஒரு சந்தோஷம். 'என்கிட்ட வந்துதானே ஆகணும்' என்று. அவளுக்கு அது எத்தனையோ வருடப் பசி. உடனே சாப்பிட்டுத் தீர்க்க மனம் வரவில்லை.

சின்னவள் லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்தாள். மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்து வந்தாள். காலில் கொப்புளம். இஸ்திரி எல்லாம் போயே போயிற்று. என் அறைக் கட்டிலில் விழுந்து, "ஒண்ணு கிடைச்சுது அண்ணி" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். "முட்டைக்கடை மாடிக் கோபக்காரர். நாலு தெருவுல ஏழு முட்டைக்கடை பார்த்துட்டேன்."

கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரசீதம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"அவரா கொடுத்தார்? அவர் முதல் நாள்ல யாருக்கும் கதவே திறக்கமாட்டாரே! எனக்கே நாலு மாசம் ஆச்சு!"

"எனக்கு அரைமணி நேரம் ஆச்சு" என்றாள் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டே.

அவ்வளவுதான். நான் புத்தி சொல்லி அசையாதவள், இருபத்து நாலு பேரை நினைத்தும் இரண்டு நாள் அசையாமல் கிடந்தவள், அந்த அரைமணி நேரத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். தன் ஆளிடம் இவள் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டாள் என்பது நெஞ்சில் தைத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் பதினொன்றையும் இவளே வாங்கிவிடுவாளோ என்று பயம். மறுநாள் விடிந்ததும் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க அண்ணி, துணைக்கு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கு முழங்கால் வலி. கேட்டால்தானே.

பொறாமை ஒரு மனுஷியை இந்த வேகத்தில் ஓட்டும் என்று நான் பார்த்ததில்லை. இரண்டு நாளில் ஒன்பது வீடு. ரெட்டை நாய் வீட்டில் ஒரு நாய்தான் பாக்கி இருந்தது, செத்துப்போன இன்னொன்றுக்குத் துக்கம் விசாரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினாள். இருமல் வாத்தியார் கடிதத்தில் இரண்டு பிழை திருத்தினார். பழைய கோல்கீப்பர், "பேர் வேண்டாம்னா போகுது, காசைத் திருப்பிக் கேட்கமாட்டேன், பயப்படாதே" என்று அவளையே தேற்றினார். ஒரு அம்மா மட்டும், "அப்போ என் மாமியார் பேர் மாடியில இல்லையா? நல்லது, உயிரோட இருக்கும்போதே தலைமேல ஏறி உட்கார்ந்திருந்தாங்க" என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார்.

பதினோராவது வீடு ஒரு தையல்காரருடையது. எழுபத்தெட்டு வயது, தனி ஆள். மனைவி நிலையத்தில் மூன்றாம் கட்டிலில் நாலு வருடம் படுத்தெழுந்து, கடைசியில் போய்விட்டவர். அவர் வீட்டுச் சுவரில் பேனலின் படம் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ரசீதம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் தையல் மெஷினிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"அந்தப் பேனல் உங்களோடது இல்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே எழுதினியா?"

"ஆமா."

"எதுக்கும்மா?"

ஏதாவது நல்ல காரணம் சொல்லுவாள் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடம் வாயால் பிழைத்தவள், அவளுக்கா வார்த்தை இல்லை? தலையைக் குனிந்துகொண்டு, "பொறாமை" என்றாள். "என் ஓரகத்தி ஒரே நாள்ல அறுபது கொண்டுவந்துட்டா. என்னால பதினொண்ணுதான் முடிஞ்சுது. அந்தப் பதினொண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. பொறுக்கல. அதுக்கு உங்க வீட்டம்மா பேரை எடுத்து உபயோகிச்சுட்டேன்."

தையல்காரர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எம் பொண்டாட்டி இருந்திருந்தா உன்னை அடிச்சிருப்பா. அடிச்சுட்டு, உக்காரவச்சு உன் ஓரகத்தியைப் பத்தி முழுக்கக் கேட்டிருப்பா. அவளுக்கும் ஒருத்தி இருந்தா" என்றார். பேனாவை வாங்கினார். "கையெழுத்துப் போடறேன். படத்தையும் இறக்கணுமா?"

"ஏழு வருஷத்துக்கு மட்டும். அப்புறம் பேனல் நம்மளோடதாயிடும். அப்போ நானே வந்து எழுதவைக்கிறேன்."

"எனக்கு எழுபத்தெட்டு."

அவரே படத்தை இறக்கி, சட்டத்தோடு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். "உள்ளே இருந்தா யார் கேட்கப் போறாங்க?" என்றார்.

ஏழாம் நாள் விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், இரண்டு ஓரகத்திகளும் மாடியில் குந்தினார்கள். பிளேடு போட்டால் கண்ணாடியில் கீறல் விழும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். தின்னரைத் துணியில் நனைத்து, பிளாஸ்டிக் அட்டையால் எழுத்தெழுத்தாகச் சுரண்ட வேண்டும். நான் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் மெல்லக்கா. சுரண்டுறதுலயும் போட்டியா?"

"நீ அஞ்சு முடிச்சுட்டே, நான் நாலுதான்."

"ஒண்ணு சொல்லணும்க்கா" என்றாள் சின்னவள் துணியைப் பிழிந்துகொண்டே. "ரெண்டு நாள் நான் அலைஞ்சேன் இல்லையா, போன வீட்டுல எல்லாம் கதவைத் திறந்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'ரசீதம்மா வரலையா?' அவ்வளவுதான். மூடிட்டாங்க. முட்டைக்கடை மாடிக்காரர் ஏன் அரைமணியில போட்டார்? ரசீதம்மா வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன், அதான். பதினஞ்சு வருஷமா இந்தப் பக்கத்துல இருக்கேன், ஒருத்தருக்கும் என்னைத் தெரியலை. எரிச்சலா வந்துச்சு எனக்கு."

ரசீதம்மாவின் கை நின்றது. "எரிச்சலாவா?"

"ஆமா. வயித்தெரிச்சல். போதுமா?"

"எவ்வளவு?"

"என்னக்கா இது, அளந்தா சொல்ல முடியும்?"

ரசீதம்மா மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள். இப்போது அவசரமே இல்லை. சின்னவள் ஆறாவதையும் முடித்துவிட்டாள், இவள் கண்டுகொள்ளவில்லை. சின்னவளுக்குத் தன்மேல் வயிற்றெரிச்சல் என்பதை அன்று மாலைக்குள் என்னிடமே மூன்று தடவை சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன் என்பதையே மறந்துவிட்டு.

மதியம் கம்பெனி வக்கீல் வந்து பதினோரு கடிதத்தையும் வாங்கினார். அதற்கு முன் சின்னவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுல தேதி இல்லையேக்கா" என்றாள். இருமல் வாத்தியார் கடிதம். ஊரார் பிழையைத் திருத்திய மனிதர் தேதியை விட்டுவிட்டார். "கண்ணு எங்கே போகுது பாருங்க அண்ணி" என்று ரசீதம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போய்த் தேதி போட்டு வாங்கிவந்தாள்.

ஒப்பந்தத்தோடு புதிதாக ஒரு பக்கம் சேர்த்தார்கள். பேனல்கள் முழுக்கக் கம்பெனியின் சொத்து என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பக்கம். ஒன்றாம் தேதி இணைப்பு, மூன்றாவது ஷிப்ட், எல்லாம் உறுதி. கீழே சாட்சிக்கு இரண்டு கோடு. முதல் கோட்டில் சின்னவள் கையெழுத்துப் போட்டாள், சிறியதாக, ஆபீஸ் கையெழுத்து. இரண்டாவது கோட்டுக்கு யார் என்று வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் ரசீதம்மாவைக் காட்டினார்.

ரசீதம்மா பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே அவள், கீழே இவள். பிறகு தன் முழுப் பெயரை, அப்பா பெயர், புருஷன் பெயர் இரண்டின் முதல் எழுத்தோடும் சேர்த்து, ரசீது எழுதும் கையால் நிதானமாகப் போட்டாள். பெயரின் கொம்பும் சுழியும் எழும்பி மேல்கோட்டைத் தாண்டி, சின்னவளின் கையெழுத்து இருந்த உயரத்துக்கு மேலேயும் ஒரு விரல்கடை போய்த்தான் நின்றது.